32 பிட்டா, 64 பிட்டா? முதலில் பின்பக்கம் பாருங்கள்

விண்டோஸ் நிறுவித் தரும்படி யார் அழைத்தாலும், 32 பிட்டா 64 பிட்டா என்று முடிவெடுப்பதற்கு முன் கம்ப்யூட்டரை மேஜையில் சற்று முன்னால் இழுத்து அதன் பின்பக்கத்தைப் பார்ப்பேன். எந்த பிரின்டர், எந்த ஸ்கேனர், மென்பொருளின் உரிமத்துக்காகச் செருகும் டாங்கிள் ஏதாவது தொங்குகிறதா, அது யூஎஸ்பியா பழைய பேரலல் போர்ட்டா என்று குறித்துக்கொள்வேன். அதன் பிறகுதான் ப்ராசசர், ரேம் பற்றிய பேச்சு. சிவகாசியின் அச்சகங்களுக்கும், கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கும் டிடிபி கடைகளுக்கும் பேப்பர் கடைகளுக்கும் பல ஆண்டுகளாகக் கம்ப்யூட்டர் வேலை பார்த்து வருவதில் எனக்குப் படிந்துபோன பழக்கம் இது. ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியாகிவிட்டால் மார்கழி வரை இங்கே எந்தக் கம்ப்யூட்டரும் ஒரு நாள் நிற்க முடியாது. தவறான பதிப்பைப் போட்டுவிட்டு மறுபடியும் ஃபார்மட் செய்வதற்கு யாருக்கும் நேரமில்லை.

32 பிட், 64 பிட் என்பது ப்ராசசர் ஒரே வீச்சில் கையாளும் எண்ணின் நீளம். நினைவகத்தின், அதாவது ரேமின், ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு முகவரி வேண்டும் அல்லவா, அந்த முகவரியையும் இந்த எண்ணில்தான் எழுத வேண்டும். 32 பிட்டில் எழுதக்கூடிய முகவரிகள் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. அதாவது 4 ஜிபி. 64 பிட் ப்ராசசர்கள் நடைமுறையில் 48 பிட் முகவரியைப் பயன்படுத்தினாலே 256 டிபி வரை போகும். நம் கடைகளில் யாரும் அந்த எல்லையைத் தொடப் போவதில்லை.

விண்டோஸ் 7 காலத்தில் என்னை அதிகம் அழைத்த புகார் இந்த 4 ஜிபியைப் பற்றியதுதான். ஒரு டிடிபி கடை அண்ணாச்சி கம்ப்யூட்டரின் விவரப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். 4 ஜிபி என்று எழுதி, பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 3.24 ஜிபி மட்டுமே பயன்படும் என்று காட்டியது. "தம்பி, முழுப் பணம் கொடுத்துத்தான் ரேம் வாங்கினேன். முக்கால் ஜிபியை யார் எடுத்துக்கொண்டது? கடைக்காரர் பழைய ரேமைத் தள்ளிவிட்டாரா?" என்றார். ரேம் நல்ல ரேம்தான் என்று அவரை நம்ப வைக்க வேண்டியிருந்தது. ஒரு தெருவில் நூறு கதவு எண்கள்தான் கொடுக்க முடியும் என்றால், கோயிலுக்கும் பள்ளிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் எண் கொடுத்த பிறகு மிஞ்சுவதுதான் வீடுகளுக்கு. கிராபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு, கம்ப்யூட்டரைத் துவக்கும் பயாஸ் சிப் எல்லாவற்றுக்கும் அதே 4 ஜிபி முகவரிகளுக்குள்தான் இடம் ஒதுக்கப்படுகிறது. மிச்சம் 3 அல்லது 3.5 ஜிபிதான் ரேமுக்கு. அவருடைய கம்ப்யூட்டரில் 64 பிட் விண்டோஸ் 7 போட்டதும், போர்டிலேயே உள்ள கிராபிக்ஸ் எடுத்துக்கொண்ட சிறு பங்கு போக மற்றது முழுவதும் கைக்கு வந்தது.

இதில் ஒரு விதிவிலக்கை மறக்கக் கூடாது. இன்டெலின் பழைய 945 சிப்செட் (ப்ராசசரையும் ரேமையும் இணைக்கும் சிப்) கொண்ட போர்டுகளில் 64 பிட் போட்டாலும் 3 ஜிபி சொச்சம்தான் கிடைக்கும். தடுக்கப்பட்ட ரேமை 4 ஜிபிக்கு மேலுள்ள முகவரிக்கு நகர்த்தும் வசதியே அந்தச் சிப்செட்டில் இல்லை. வேறு சில போர்டுகளில் அந்த வசதி உண்டு, பயாஸில் அணைத்து வைத்திருப்பார்கள். மெமரி ரீமேப் என்ற பெயரில் இருக்கும். விண்டோஸை மாற்றும் முன் அதைத் தேடிப் பாருங்கள்.

32 பிட்டிலேயே 4 ஜிபியைத் தாண்ட வழியில்லையா என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். உண்டு. 1995இல் வந்த பென்டியம் ப்ரோவிலேயே 36 பிட் முகவரி வசதி சேர்க்கப்பட்டது. அதன்படி 64 ஜிபி வரை போகலாம். சர்வர் விண்டோஸ்களும் இலவச இயங்குதளமான லினக்ஸும் அதைப் பயன்படுத்திக்கொண்டன. வீட்டு விண்டோஸில் மட்டும் அது வேண்டுமென்றே 4 ஜிபியோடு நிறுத்தப்பட்டது. 4 ஜிபிக்கு மேற்பட்ட முகவரியைக் கண்டால் பல டிரைவர்கள் (பிரின்டர், ஸ்கேனர் போன்ற கருவிகளை விண்டோஸோடு பேச வைக்கும் நிரல்கள்) குழம்பி விண்டோஸையே நிறுத்திவிட்டதுதான் காரணம். இந்த விஷயத்தில் எங்கே சுற்றினாலும் டிரைவரில்தான் வந்து நிற்கும்.

ஆனால் டிடிபி வேலைக்கு உண்மையான முட்டுக்கட்டை மொத்த ரேம் அல்ல, ஒரு மென்பொருள் தனக்கென்று எடுத்துக்கொள்ளக்கூடிய அளவு. 32 பிட் விண்டோஸில் ஒரு மென்பொருளுக்கு வழக்கமாக 2 ஜிபிதான் எல்லை. ஃபிளெக்ஸ் பேனர் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பத்துக்கு இருபது அடி பேனர், அங்குலத்துக்கு 72 புள்ளிகள் என்ற குறைந்த தரத்திலேயே வைத்துக்கொள்வோம். 8,640 புள்ளி உயரம், 17,280 புள்ளி அகலம். பெருக்கினால் ஏறத்தாழ 14.93 கோடி புள்ளிகள். நான்கு மை நிறங்களுக்கு ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரே ஒரு லேயர் 597 எம்பி. பின்னணி ஒரு லேயர், மணமக்கள் படம் ஒரு லேயர், அதற்கு மேல் ஒரு பூமாலை என்று சேர்த்து, பழைய நிலைக்குத் திரும்பும் வசதிக்காகப் போட்டோஷாப் வைத்துக்கொள்ளும் நகல்களையும் கூட்டினால் 2 ஜிபி எங்கே போதும்? மீதியை ஹார்டுடிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கும். ஒரு தூரிகை இழுப்புக்கு ஆபரேட்டர் காத்திருப்பார்.

போட்டோஷாப்பின் 64 பிட் பதிப்பு விண்டோஸுக்கு 2008இல் சிஎஸ்4ஆக வந்தது. வடிவமைப்பு மென்பொருளான கோரல்டிராவில் அது 2012இன் எக்ஸ்6. பேனர் வேலை செய்யும் கடைகளில் இரண்டு கருத்துக்கு இடமில்லை: 64 பிட் விண்டோஸ், 64 பிட் போட்டோஷாப், குறைந்தது 8 ஜிபி ரேம். விசிட்டிங் கார்டும் பில் புத்தகமும் மட்டும் செய்யும் கடையில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. அங்கே 64 பிட்டைத் தேர்வு செய்ய வேறு காரணங்கள் வேண்டும்.

ப்ராசசரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்று நாம் பயன்படுத்தும் 64 பிட் முறையைக் கொண்டுவந்தது ஏஎம்டி. 2003இல் ஆப்டெரான், அதே ஆண்டு அத்லான் 64. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே இன்டெல் இட்டேனியம் என்ற 64 பிட் ப்ராசசரை வெளியிட்டிருந்தது, ஆனால் பழைய 32 பிட் மென்பொருள்கள் அதில் மெதுவாகவே ஓடின. ஏஎம்டி பழையதை அப்படியே வேகமாக ஓட விட்டு, புதியதை மேலே சேர்த்தது. 2004இல் இன்டெலும் அந்த வழிக்கு வந்தது. உபயோகித்த கம்ப்யூட்டர் வாங்குபவர்களுக்கு இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது: 2006இன் கோர் டுயோ வெறும் 32 பிட், அதே ஆண்டு வந்த கோர் 2 டுயோ 64 பிட். விற்பவர் சொல்லும் பெயரில் அந்த "2" இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். பென்டியம் 4இல் இரண்டு வகையும் உண்டு. விண்டோஸ் 10இன் விவரப் பக்கத்தில் ப்ராசசர் எக்ஸ்64 (64 பிட்) வகையா என்று எழுதியிருக்கும். லினக்ஸில் எல்எஸ்சிபியூ கட்டளை கொடுத்தால் இரண்டாம் மூன்றாம் வரியிலேயே தெரிந்துவிடும்.

இனி டிரைவர் விஷயம். என் நேரத்தில் பெரும்பகுதியைத் தின்றது இதுதான்.

64 பிட் விண்டோஸில் 32 பிட் மென்பொருள் ஓடும். பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கர் 7 இன்றும் ஓடுகிறது. ஆனால் டிரைவர் என்பது விண்டோஸின் மையக்கருவோடு சேர்ந்து இயங்குவது. அது 64 பிட்டாகவே இருக்க வேண்டும், விண்டோஸ் விஸ்டாவிலிருந்து முறையான கையொப்பமும் பெற்றிருக்க வேண்டும். 32 பிட் டிரைவரை எந்த வித்தையாலும் உள்ளே நுழைக்க முடியாது. விலை உயர்ந்த பழைய ஸ்கேனர் நல்ல நிலையில் இருக்கும், தயாரித்தவர்கள் அதற்கு 64 பிட் டிரைவர் எழுதாமலே விட்டிருப்பார்கள். அதனால்தான் முதலில் பின்பக்கம் பார்க்கச் சொல்கிறேன். மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, 64 பிட் டிரைவரைப் பதிவிறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொண்ட பிறகே ஃபார்மட் செய்யுங்கள். "பிறகு தேடிக்கொள்ளலாம்" என்று தொடங்கினால் நெட்வொர்க் கார்டுக்கே டிரைவர் இல்லாமல் நிற்க நேரலாம்.

ஸ்கேனருக்கு டிரைவர் இல்லையென்றால் இரண்டு வழிகளில் பலன் கண்டிருக்கிறேன். ஒன்று, வியூஸ்கேன் என்ற மென்பொருள். ஆயிரக்கணக்கான பழைய ஸ்கேனர்களுக்கு அது தன் சொந்த டிரைவரோடு வருகிறது, காசு கொடுத்து வாங்க வேண்டும். இன்னொன்று, லினக்ஸ். அங்கே ஸ்கேனர் டிரைவர்கள் பெரும்பாலும் திறந்த மூல நிரல்கள். தயாரித்தவர் கைவிட்டாலும் வேறு யாரோ அதே நிரலை 64 பிட்டுக்குத் தொகுத்துத் தந்துவிடுகிறார்கள். விண்டோஸில் செத்துப்போன ஸ்கேனர் 64 பிட் லினக்ஸில் விளக்கெரிந்து எழுந்ததைப் பார்த்து ஒரு கடைக்காரர் எழுந்து நின்றே கைதட்டினார்.

பகிர்ந்து பயன்படுத்தும் பிரின்டரில் இன்னொரு சிக்கல். முன்னறையில் 32 பிட் கம்ப்யூட்டரில் பிரின்டர், உள்ளறையில் புதிய 64 பிட் கம்ப்யூட்டர். உள்ளே இருந்து இணைத்தால் டிரைவர் இல்லை என்று சொல்லும். பிரின்டர் இருக்கும் கம்ப்யூட்டரில் பகிர்வுப் பக்கத்தைத் திறந்தால் கூடுதல் டிரைவர்கள் என்று ஒரு பொத்தான் இருக்கும். அங்கே எக்ஸ்64 என்பதையும் தேர்ந்து, 64 பிட் டிரைவரைக் காட்டிவிட்டால் தீர்ந்தது.

தமிழ்த் தட்டச்சில் வரும் தொல்லைக்கு வருகிறேன். வெளியூர் டெக்னீஷியன்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது. நம் டிடிபி கடைகளில் இன்னும் யூனிகோடு (எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) அல்லாத எழுத்துருக்களே ஓடுகின்றன, ஏனென்றால் பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. அந்த எழுத்துருக்களுக்கென்று பழைய விசைப்பலகை மென்பொருள்கள் உண்டு. அவற்றில் சில, நாம் அழுத்தும் விசையை நடுவில் பிடித்து மாற்றித் தருவதற்காக, ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மென்பொருளின் நினைவகத்துக்குள்ளும் தங்கள் சிறு நிரல் கோப்பு ஒன்றை ஏற்றிவிடுகின்றன. 32 பிட் கோப்பு 64 பிட் மென்பொருளுக்குள் ஏறாது. விளைவு என்ன? பேஜ்மேக்கரில் தமிழ் சரியாக விழும். அதே கம்ப்யூட்டரில் 64 பிட் கோரல்டிராவைத் திறந்து அதே எழுத்துருவில் அடித்தால் எழுத்தென்னவோ தமிழ் எழுத்துதான் வரும், ஒன்றுகூடச் சொல்லாகாது. துணைக்காலும் கொம்பும் இடம் மாறிக் கிடக்கும்.

எழுத்துரு கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி எழுத்துருவை நிறுவிக்கொண்டிருப்பார்கள். எழுத்துருவுக்கும் பிட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒரே கோப்பு இரண்டிலும் வேலை செய்யும். இங்கே செய்ய வேண்டியது, விண்டோஸை 64 பிட்டாகவே வைத்துக்கொண்டு கோரல்டிராவை மட்டும் 32 பிட் பதிப்பாக நிறுவுவது. எக்ஸ்6, எக்ஸ்7 போன்றவை இரண்டு வகையிலும் வந்தன. வேர்டுக்கும் இதே மருந்து. போட்டோஷாப்பில் 64 பிட் தேவை என்பதால், அங்கே மட்டும் தமிழ் வரியைப் பேஜ்மேக்கரில் அடித்து நகலெடுத்து ஒட்டுகிறார்கள். நீண்ட நாளைக்கு யூனிகோடுக்கு மாறுவதே வழி என்று நான் எல்லாரிடமும் சொல்லிவருகிறேன். பழைய காலண்டர் கோப்புகள் அனைத்தும் பேஜ்மேக்கரில் இருக்கும்போது அது ஒரே சீசனில் நடக்கும் காரியமல்ல என்பதும் எனக்குப் புரிகிறது.

பேப்பர் கடைகளில் கதை வேறு. ரீம் கணக்கும் பில்லும் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோ என்ற தரவுத்தள மென்பொருளில் யாரோ எழுதிக் கொடுத்தது, இன்னும் தவறாமல் ஓடுகிறது. கருப்புத் திரை, அம்புக்குறி விசைகள், பக்கத்தில் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர். இது 16 பிட் நிரல். 64 பிட் விண்டோஸில் திறக்கவே திறக்காது. ப்ராசசர் 64 பிட் முறையில் இயங்கும்போது டாஸ் நிரல்களைத் தாங்கிய பழைய விர்ச்சுவல் 8086 நிலை அதில் கிடையாது. 32 பிட் விண்டோஸ் 10 வரைக்கும் அந்த வசதி இருந்தது. நிரல் 32 பிட்டாக இருந்தும் அதை நிறுவும் கோப்பு மட்டும் 16 பிட்டாக இருக்கும் சங்கடமும் தொண்ணூறுகளின் குறுந்தகடுகளில் உண்டு. சில குறிப்பிட்ட நிறுவிகளை 64 பிட் விண்டோஸ் அடையாளம் கண்டு தன்னிடமுள்ள மாற்று நிறுவியைக் கொண்டு இயக்கிவிடும், மற்றவை நின்றுவிடும்.

டாஸ் சூழலைப் போலியாக உருவாக்கித் தரும் டாஸ்பாக்ஸில் ஓட்டலாமே என்பார்கள். அது விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது. ஒரே கம்ப்யூட்டரில் பழைய கணக்கைத் திறந்து பார்க்கப் போதும். மூன்று கம்ப்யூட்டர்களில் ஒரே தரவுக் கோப்பைத் திறந்து பில் போடும் கடைக்கு நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை. இருவர் ஒரே நேரத்தில் எழுதும்போது கோப்பைப் பூட்டி வைக்கும் வேலை அதில் நம்பும்படி நடக்காது. அங்கே நான் செய்வது, 64 பிட் விண்டோஸுக்குள், இன்னொரு கம்ப்யூட்டரைப் போல இயங்கும் விர்ச்சுவல்பாக்ஸ் நிறுவி, அதற்குள் 32 பிட் விண்டோஸ் 7 வைப்பது. எக்ஸ்பி வேண்டாம். எக்ஸ்பியோடு கோப்பும் பிரின்டரும் பகிர வேண்டுமானால் பாதுகாப்பற்ற பழைய பகிர்வு முறையை மறுபடி திறந்துவிட வேண்டியிருக்கும். வெளியே உள்ள விண்டோஸில் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரை வெறும் எழுத்து மட்டும் அச்சிடும் பொதுவான டிரைவரில் நிறுவிப் பகிர வேண்டும். உள்ளே நெட் யூஸ் கட்டளையால் அதை எல்பிடி1 (பேரலல் போர்ட்டின் டாஸ் பெயர்) என்று காட்ட வேண்டும். ஃபாக்ஸ்ப்ரோ நிரல் தன் வழக்கப்படி எல்பிடி1க்கு அனுப்பும், பில் வெளியே வரும். கடைசி வரியில் காகிதம் தள்ளப்படும் அளவு மாறாமல் இருக்கிறதா என்று பத்துப் பில்களாவது அடித்துப் பாருங்கள்.

கணக்கு அலுவலகங்களில் எக்செல்லை இன்னொரு மென்பொருளின் தரவோடு ஓடிபிசி (மென்பொருள்கள் தரவுத்தளத்தோடு பேசும் இணைப்பு முறை) வழியாக இணைத்திருந்தால் ஒரு வார்த்தை. எக்செல் எத்தனை பிட்டோ, ஓடிபிசி டிரைவரும் அத்தனை பிட்டாக இருக்க வேண்டும். விண்டோஸ் எத்தனை பிட் என்பது அங்கே பொருட்டல்ல. ஆபீஸ் 2016 வரை தானாக நிறுவப்பட்டது 32 பிட், 2019இலிருந்து 64 பிட். புதிய ஆபீஸ் வந்தவுடன் அறிக்கை நின்றுபோனால் முதலில் இங்கே பாருங்கள். 64 பிட் விண்டோஸில் ஓடிபிசி அமைப்புப் பக்கங்கள் இரண்டு உண்டு. 64 பிட்டுக்கானது சிஸ்டம்32 ஃபோல்டரிலும், 32 பிட்டுக்கானது சிஸ்வாவ்64 ஃபோல்டரிலும் இருக்கும். பெயரை நம்பிப் போனால் நேர் எதிரான இடத்தில் தேடுவோம்.

குறைந்த ரேம் உள்ள கம்ப்யூட்டர்களுக்கு என் முடிவு கொஞ்சம் மாறும். 64 பிட்டில் ஒவ்வொரு முகவரியும் 4 பைட்டுக்குப் பதில் 8 பைட் பிடிக்கும். விண்டோஸும் 32 பிட் மென்பொருள்களுக்காக இரண்டாவது கோப்புத் தொகுதி ஒன்றைச் சுமக்கும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் சொன்ன குறைந்தபட்சமே 32 பிட்டுக்கு 1 ஜிபி, 64 பிட்டுக்கு 2 ஜிபி. நடைமுறையில் 2 ஜிபி கம்ப்யூட்டரில் 64 பிட் விண்டோஸ் 10 மூச்சு வாங்கும். ரேமை 4 ஜிபி ஆக்க முடிந்தால் ஆக்கிவிட்டு 64 போடுங்கள். முடியாவிட்டால் இலகுவான லினக்ஸ் நல்லது. ஆட்டம் ப்ராசசர் சிறு லேப்டாப்களில் இன்னொரு பொறி: ப்ராசசர் 64 பிட், ஆனால் அதைத் துவக்கும் யூஇஎஃப்ஐ மட்டும் 32 பிட். 64 பிட் விண்டோஸ் பென்டிரைவை அது கண்டுகொள்ளாது. பென்டிரைவ் கெட்டுவிட்டது என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். ரேமும் அதில் போர்டோடு சேர்த்து ஒட்டப்பட்டிருக்கும், கூட்ட வழியில்லை.

32இலிருந்து 64க்கு நேராக மேம்படுத்த முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். சுத்தமாகப் புதிதாக நிறுவ வேண்டும், மென்பொருள்களையும் ஒவ்வொன்றாக மறுபடி நிறுவ வேண்டும். அதே எடிஷன் என்றால் விண்டோஸ் 10 உரிமம் இரண்டுக்கும் செல்லும், புதிதாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. டாங்கிள் அல்லாமல் ஆக்டிவேஷன் முறையில் உரிமம் பெற்ற மென்பொருள்களை ஃபார்மட்டுக்கு முன்பே விடுவித்துவிடுங்கள்.

இப்போது காலம் 32 பிட்டைக் கைவிட்டுக்கொண்டிருக்கிறது. 2021இல் வந்த விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே கிடைக்கிறது. 32 பிட் பதிப்பு கொண்ட கடைசி விண்டோஸான 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. லினக்ஸை நம்பி 32 பிட் கம்ப்யூட்டரை ஓட்டலாம் என்று நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன், அந்தக் கதவும் சாத்தப்படுகிறது. லினக்ஸ் வகைகளில் உபுண்டு 2017லேயே 32 பிட் டெஸ்க்டாப் நிறுவியை நிறுத்தியது. ஃபெடோரா 2019இல் நிறுத்தியது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் பிசிக்களுக்கான நிறுவியும் இல்லை, மையக்கருவான கெர்னலும் இல்லை. ஆகவே புதிதாக நிறுவும் எதற்கும் என் பதில் 64தான். நான் 32இல் விட்டுவைத்திருப்பது 64 பிட் டிரைவர் இல்லாத கருவியோடு கட்டுண்ட கம்ப்யூட்டர்களை மட்டும்.

அவற்றுக்கு நான் வைத்திருக்கும் விதிகள் கண்டிப்பானவை. நெட்வொர்க் கேபிளை உருவிவிடுவேன், இணையம் கிடையாது. வாடிக்கையாளரின் பென்டிரைவ் முதலில் பக்கத்து 64 பிட் கம்ப்யூட்டரில் வைரஸ் சோதனை முடிந்த பிறகே இங்கே வரலாம். ஹார்டுடிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுத்து, உறையில் தேதி எழுதி உரிமையாளர் கையிலேயே கொடுத்துவிடுவேன். டாங்கிளையும் டிரைவர் குறுந்தகட்டையும் அதே உறையில் வைக்கச் சொல்வேன். அந்தக் கருவி பழுதானால் அதே மாடலை உபயோகித்த சந்தையில் தேட வேண்டாம், 64 பிட் டிரைவர் உள்ள புதியதை வாங்கிக்கொள்ளலாம், அதற்கான பணத்தைச் சீசன் லாபத்தில் இப்போதே ஒதுக்கி வையுங்கள் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். சிலர் ஒதுக்கிவிட்டார்கள்.